பச்சைப் புள்ளி இல்லாத படம்

வாசுதேவன் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால், வீட்டில் பால் திரிந்திருக்கும், இல்லையென்றால் மோட்டார் ஓடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அவர் தாழ்த்திய தாழ்த்தலில் வசுமதிக்குப் பாதி வார்த்தை காதிலேயே விழவில்லை.

"உன் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு."

"வரட்டும். மேஜை மேல வையுங்கோ."

"மேஜை மேல வைக்கற வஸ்துவா அது? போன்ல எதுவும் பேசாதே. கேக்கறவா கேட்டுண்டிருப்பா. ஜல்தி ஆத்துக்கு வா."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தில்லி மெட்ரோ பிடித்து, ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் இறங்கி, கிட்வாய் நகரில் பன்னிரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். மத்திய அரசாங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்பு தள்ளி, செக்ஷன் ஆபீசராகி, இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவள் அவள். அந்தக் குவார்ட்டர் அவள் பேரில் கிடைத்தது. வாசுதேவன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டை ஒரு கிளை மேனேஜர் மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்கனிக் கதவைத் தாழிட்டுவிட்டு ஹாலின் இந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற நீல வாளி இருந்தது.

"தண்ணியில அமிழ்த்திட்டேன். ஆனா வசு, அது அடங்க மாட்டேங்கறது. காத்தாலேர்ந்து வளர்ந்துண்டே இருக்கு."

பார்சல் அட்டையில் 'ஜெலட்டின், அரை கிலோ' என்று அச்சடித்திருந்தது. வாசுதேவனுக்குத் தினமும் காபியோடு மொபைலில் தமிழ்ச் செய்தி படித்தாக வேண்டும். கல்குவாரி, ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல், மூவர் கைது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இது வந்துவிடும். தமிழில் பேப்பர் படிக்கிற யாருக்கும் ஜெலட்டின் என்றால் குச்சிதான், குச்சி என்றால் வெடிதான். அரசாங்கக் காலனியில், சுற்றிலும் அண்டர் செகரட்டரிகள் குடியிருக்கிற கட்டிடத்தில், மனைவி பேருக்கு அரை கிலோ வெடிமருந்து வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். வாளியில் தண்ணீர் பிடித்து, துணி உலர்த்தும் கொம்பால் பொட்டலத்தை அழுத்தி மூழ்கடித்தார். பை கிழிந்தது. உள்ளே இருந்த பொடி தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஜவ்வரிசி மாதிரி உப்பி, வாளியில் முக்கால் பாகம் ஏறி நின்றது.

வசுமதி கதவைத் திறந்துகொண்டு போய் வாளிக்குள் கையை விட்டாள்.

"கையை எடுடீ!"

"வெடிக்காதுன்னா. இது போட்டோ அச்சடிக்கறதுக்கு. குவாரியில வைக்கற ஜெலட்டின் வேற, இது வேற."

வாசுதேவன் மூச்சை விட்டார். நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார். பிறகு, வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கிற குரலில் கேட்டார். "இது எதுலேர்ந்து பண்றா?"

ஏதோ பவுடர் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அலுவலகத்தில் சாப்பிட்ட வெங்காய பஜ்ஜியிலிருந்து பிள்ளை ஸ்ரீவத்ஸன் குர்காவில் என்ன சாப்பிடுகிறான் என்பது வரைக்கும் முப்பது வருஷமாக அவரிடம் சின்னச் சின்னப் பொய்யாகச் சொல்லிச் சலித்துப் போயிருந்தாள். இந்த ஒன்றிலாவது பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"எலும்பு, தோல். கொதிக்க வெச்சு எடுக்கறது."

"எந்தப் பிராணி?"

"எருமையா இருக்கும்."

சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வெடிமருந்தாவே இருந்திருக்கலாம்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார்.

இந்த மனிதர் சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பச்சைப் புள்ளி இருந்தால்தான் கூடையில் போடுவார். அந்த ஜெலட்டின் அட்டையின் மூலையில் அசைவத்துக்கு உண்டான பழுப்பு முக்கோணம் நன்றாகத்தான் அச்சாகியிருந்தது. உயிர் பயத்தில் அதைக் கவனிக்கத் தவறிவிட்டார். அந்த அவமானமும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

"இந்த ஆத்துல அது கூடாது, வசு. அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். இரண்டு வருஷம் முன்னால் லாடோ சராயில் ஒரு சின்ன கேலரியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வசுமதி கார்பன் பிரிண்ட் என்கிற பழைய முறையில் போட்டோ அச்சடிக்கக் கற்றுக்கொண்டாள். கரியை ஜெலட்டினில் குழைத்துத் தாளில் பூசுவது. காய்ந்ததும் அதற்கு ஒரு மருந்து பூசி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவது. வெயில் பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகிப்போகும், படாத இடம் வெந்நீரில் கரைந்து ஓடிவிடும். மிச்சம் நிற்பதுதான் படம். வேண்டிய கரியை அவள் கடையில் வாங்கவில்லை. பூஜை அறையான பெருமாள் உள்ளில் எரிகிற நல்லெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, கண்மைக்குக் கரி பிடிக்கிற மாதிரி பிடித்து, டப்பாவில் சேர்த்தாள். வாசுதேவனுக்கு அதில் பரம சந்தோஷம். பக்கத்து ஃபிளாட்காரர்களிடம்கூடச் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் இருபதாம் தேதி அந்த கேலரியில் கண்காட்சி. பதினோரு பேர் பங்கேற்கிற கண்காட்சி, அதில் வசுமதிக்கு ஒரு சுவர். ஏழு படம். அவளோடு வேலை பார்க்கிற ஆறு பெண்களின் முகம், ஏழாவது அவளுடையது. ஐம்பத்தொன்பது வயதில் அவளுக்கென்று யாரோ ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் பேர் போட்டு ஒதுக்கப்பட்டவை இந்தக் குவார்ட்டரும் அலுவலகத்தில் ஒரு ஸ்டீல் பீரோவும்தான்.

அப்படியிருந்தும் முதல் தடவை விட்டுக்கொடுத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும். வாளியில் ஊறினது மறுநாள் நாற ஆரம்பித்தது. கொண்டுபோய்க் கொட்டினாள். வாசுதேவன் சமாதானத்துக்கு வந்தார்.

"சைனா கிராஸ் இருக்கோல்லியோ? கடல்பாசி. அதுவும் கெட்டியா உறையறதே. அபூர்வா கல்யாணத்துல புட்டிங் பண்ணினாளே. அதுல பண்ணேன்."

அபூர்வா அவர்கள் பெண். கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். அவள் கல்யாண புட்டிங்கை வாசுதேவன் மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

வசுமதிக்கு அது நடக்காது என்று பாதி தெரியும். பாதி தெரிந்தும் சண்டைக்குச் சோம்பல்பட்டு மூன்று வாரம் முயற்சி செய்தாள். கடல்பாசி கொதித்தால்தான் கரையும், ஆறினால் தாளில் ஏறுவதற்குள் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். அடித்துப் பிடித்துப் பூசினால் காய்ந்து அப்பளமாகச் சுருண்டது. சுருளாத ஒன்றிரண்டை வெயிலில் காட்டினாள். கடல்பாசிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் நிழல் என்று அதற்கு அடையாளம் தெரியவில்லை.

கடைசியாகப் போட்டது அக்னஸின் முகம். டிஸ்பென்சரி நர்ஸ், நாகர்கோவில் பக்கம். "அக்கா, எம்படம் எப்ப வரும்?" என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்கிறவள். பாத்ரூமில் ட்ரேக்குள் வெந்நீரில் தாளைப் பிரித்தபோது ஒரு நிமிஷம் அக்னஸின் கண்ணும் புருவமும் தெரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் முகம் மொத்தமாகத் தாளைவிட்டு வழுக்கி, ஒரு ஏடாக மிதந்து, இரண்டாகக் கிழிந்து, கறுப்புத் தண்ணீராகச் சாக்கடைத் துவாரத்தில் இறங்கிப் போனது.

வசுமதி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து வெளியே வந்தபோது வாசுதேவன் பேப்பரை மடித்தார்.

"வரலையா? சரி, விடு. பெருமாள் சித்தம். ஆபீஸ் உத்தியோகமும் பண்ணிண்டு, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"

அவர் குரலில் இருந்தது ஆறுதல் இல்லை, நிம்மதி. அது அவளுக்கு நன்றாகக் கேட்டது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று அந்த நிமிஷம் இறுகியது, அதற்கப்புறம் எந்த வெந்நீருக்கும் கரையவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆன்லைனில் வாங்கி மறுபடி ஒரு வாளி வைபவம் வேண்டாம் என்று நேரே பழைய தில்லிக்குப் போனாள். திலக் பஜாரில் ரசாயனக் கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இந்தியில், ஓட்டல் சர்வர் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?"

"பக்கா நான்-வெஜ்," என்றாள் வசுமதி. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவள் வாய் சொன்னது. சொல்ல ஜாலியாக இருந்தது.

பெரியவர் எருமை எலும்பு ஜெலட்டினில் மூன்று டப்பாவைத் திறந்து வைத்தார். ஜெலட்டினுக்கு ஒரு நம்பர் உண்டு, உறைந்த பிறகு எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் நம்பர். நூற்றைம்பது மலிவு, ஆனால் ஏப்ரல் மாதத்து தில்லிச் சூட்டில் தாளில் நிற்காமல் கூழாக வழியும். இருநூறு டிசம்பருக்குச் சரி. இருநூற்றைம்பதை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள். நாற்றமில்லை, நிறமும் வெளிறின பொன் நிறம்.

"மீனிலிருந்து எடுத்ததும் இருக்கு, மேடம். கொஞ்சம் மென்மையானது."

"மென்மையெல்லாம் போதும், பெரியவரே. இருக்கிறதிலேயே கெட்டியைக் கொடுங்கள்," என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டலத்தை ஒளிக்கவில்லை. பழுப்பு முக்கோணம் மேலே தெரிகிற மாதிரி ஹால் மேஜையின் நடுவில் வைத்தாள். வாசுதேவன் பார்த்தார்.

"நான் சொன்னதுக்கு என்ன மரியாதை?"

"மூணு வாரம் மரியாதை பண்ணியாச்சு. அக்னஸ் மூஞ்சி சாக்கடையில போச்சு."

"இந்த ஆத்துல..."

"இந்தக் குவார்ட்டர் யார் பேர்ல இருக்கு?"

முப்பது வருஷத்தில் அதை அவள் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"தளிகை உள் பக்கமே அது வராது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ரெண்டாவது பாத்ரூம். நீங்க தினம் காத்தால போட்டுக்கறேளே வைட்டமின் கேப்ஸ்யூல், அந்தக் கூடு என்னன்னு நினைக்கறேள்? அதுவும் இதுதான்."

வாசுதேவன் இதற்குத் தயாராக இருந்தார். "ஔஷதத்துக்கு தோஷம் கிடையாது. சாஸ்திரமே சொல்றது. படத்துக்குச் சொல்லலை."

சாஸ்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வெளியே வெயில் இருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் வேலையை ஆரம்பித்தாள்.

வாசுதேவன் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவே. கத்துகிறவராக இருந்தால் கூடக் கத்தலாம். அவர் அன்றிலிருந்து வீட்டில் தீர்த்தம்கூடக் குடிக்கவில்லை. காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, ஹாலில் மாட்டியிருந்த அப்பா படத்தைச் சேவித்துவிட்டு, கையில் குடையோடு வெளியே கிளம்பிவிடுவார். ஒரு நாள் கோயில் பிரசாதம், ஒரு நாள் மெஸ், ஒரு நாள் வாழைப்பழம். ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஸ்ரீவத்ஸன் குர்காவிலிருந்து போன் செய்து, "அம்மா, ப்ளீஸ், அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்," என்றான். "முப்பத்து மூணு வருஷமா யாருடா அட்ஜஸ்ட் பண்ணிண்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த ஒன்பது நாளில் படங்கள் வந்தன. அலுவலகத்துக்குப் போகும் முன் ஒரு தாள், லீவு நாளில் மூன்று. வெந்நீரில் மேல் தாளை உரித்தால் கறுப்பு குழம்பாக வழியும், தட்டை ஆட்ட ஆட்ட வெளிறும், பிறகு உள்ளேயிருந்து ஒரு முகம் நிதானமாக வெளியே வரும். அக்னஸ் வந்தாள், எதுவும் வழுக்கிப் போகவில்லை. அக்கவுண்ட்ஸ் அம்பிகா மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். கடைசியில் வசுமதி வந்தாள். காய்ந்த பிறகு தாளைத் தடவினால் தலைமுடி விரலுக்குத் தட்டுப்பட்டது. தன் முகத்தை அவ்வளவு கெட்டியாக அவள் அதுவரை பார்த்ததில்லை.

பதினேழாம் தேதி கேலரிப் பெண் போன் செய்தாள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சீட்டில் என்ன பொருளால் செய்தது என்று எழுத வேண்டும். வசுமதி ஹாலிலேயே உட்கார்ந்து எழுதினாள். 'விளக்குக் கரி, எலும்பு ஜெலட்டின்.' ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

வாசுதேவன் தோளுக்கு மேலாகப் படித்தார். ஒன்பது நாளுக்கப்புறம் முதல் தடவையாகப் பேசினார்.

"பண்ணினது பண்ணியாச்சு. நான் தடுக்கலை. ஆனா அதை எழுதாதே. கிருஷ்ணபிரசாத் அண்ணா வரேங்கறார், மன்னி வரா, ஜனக்புரிக்காரா எல்லாரும் வருவா. வெறும் 'கருப்பு-வெள்ளைப் படம்'னு போட்டுடு. யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியுமே."

"எங்கப்பா இருந்த குடும்பம், வசு. நித்தியம் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணினவர். அவர் எதிர்க்க உட்கார்ந்துண்டு எலும்புன்னு எழுதறயே!" கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

வசுமதி கை நீண்ட பக்கம் பார்த்தாள். மாமனார் கரோல் பாக் ஸ்டுடியோவில் அறுபத்தொன்பதாம் வருஷம் எடுத்துக்கொண்ட படம். பஞ்சகச்சம், திருமண், பிளாஸ்டிக் மாலை. தினமும் தூசி தட்டுகிற படம். இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏன்னா, அந்தப் படம் எதுல பண்ணினதுன்னு நினைக்கறேள்?"

"எதுல? போட்டோ பேப்பர்ல."

"பேப்பர் மேல வெள்ளியை ஒட்டி வெச்சிருக்கே, அந்தப் பசை என்ன? ஜெலட்டின். கேமராவுல போட்ட ஃபிலிம் மேலயும் ஜெலட்டின். அந்தக் காலத்துல எந்த ஸ்டுடியோவுல எடுத்தாலும் அதுதான். எந்தப் பிராணின்னு எனக்குத் தெரியாது. நிச்சயமா கடல்பாசி இல்லை."

வாசுதேவன் நம்பவில்லை. ஸ்ரீவத்ஸனைக் கூப்பிட்டார். அவன் ஐந்து நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது கரெக்ட்தான்ப்பா," என்றான். வாசுதேவன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். இது ஔஷதமும் இல்லை. ஐம்பது வருஷமாகக் குளித்து மடியாக வந்து சேவித்த படம்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு ஒரு சதுரத்துக்கு வெளுப்பாக இருந்தது. மாமனார் ஒரு துண்டில் சுற்றப்பட்டு, பால்கனியில், அவளுடைய மருந்து பாட்டில்களுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தார்.

வசுமதிக்குச் சிரிப்பு வந்தது, உடனே ஆத்திரம் வந்தது. அவள் சொன்னதை ஒப்புக்கொள்வதைவிட, பெற்ற அப்பாவை வெளியில் தள்ளுவது இந்த மனிதருக்குச் சுலபமாக இருக்கிறது! உள்ளே போய் ஏழாவது படத்தை எடுத்து வந்தாள். கண்காட்சிக்குச் சட்டம் போட்டு வைத்திருந்த படம். அந்த ஆணியில் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

வாசுதேவன் நடை முடித்து வந்தார். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"இதென்ன?"

"நான்."

"உசிரோட இருக்கறவாளை அந்த ஆணியில மாட்டப்படாது, வசு. அபசகுனம். எடுத்துடு."

"ஆணி காலியா இருந்துது, மாட்டினேன். எலும்புன்னு அவரை வெளியில தள்ளினேள். நானும் எலும்புதான். ரெண்டுல எது வேணுமோ நீங்களே பொறுக்கிக்கோங்கோ. எலும்பு இல்லாத படம்னு இந்த ஆத்துல ஒண்ணும் கிடையாது. சுவரை மொட்டையா வெச்சுக்கறதானாலும் சரி. நான் என்னோடதை எடுத்துண்டு லாடோ சராய்க்குப் போறேன்."

வாசுதேவன் பால்கனிக்குப் போனார். துண்டைப் பிரித்து, அங்கவஸ்திரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைத்து, அப்பாவை உள்ளே எடுத்து வந்தார். அவளுடைய படத்தை இரண்டு கையாலும் கழற்றி மேஜையில் வைத்தார். அப்பாவை ஆணியில் மாட்டினார். சேவிக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, சேவித்தார்.

பிறகு மேஜையில் இருந்த சீட்டை எடுத்து மறுபடி படித்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

"வெறும் 'விளக்குக் கரி'ன்னு மொட்டையா எழுதியிருக்கே. தெரு விளக்கா, லாந்தர் விளக்கான்னு நினைச்சுப்பா. பெருமாள் விளக்குன்னு எழுத வேண்டாமா?"

"எழுதறேன். எந்த விளக்குன்னு எழுதினா, எந்தப் பிராணின்னும் எழுதுவேன்."

வாசுதேவன் சுவரைப் பார்த்தார். அப்பா பஞ்சகச்சத்தோடு, மாலையோடு, நேராக உட்கார்ந்திருந்தார். வாசுதேவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதித் தொலை," என்றார். "முதல்ல ஒரு வாய் காபி குடு."

வசுமதி காபி கலக்க எழுந்திருக்கவில்லை. ஒரு புதுச் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, கொட்டை எழுத்தில் முழுசாக எழுதினாள்: 'பெருமாள் விளக்குக் கரி, எருமை எலும்பு ஜெலட்டின்.' மை காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் எழுந்து பாலுக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.